அப்பா போட்ட குழாய்

தாராபுரம் போயிருக்கிறீர்களா? "இல்லையே" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கோவையிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போயிருந்தாலோ, திருப்பூர்ப் பக்கமிருந்து பழனி முருகனைப் பார்க்கப் புறப்பட்டிருந்தாலோ, வண்டி பத்து நிமிஷம் நின்ற ஓர் ஊரில் இறங்கி டீ குடித்திருப்பீர்கள். அதுதான் தாராபுரம்! ரயில் கிடையாது. பெரும்பாலோருக்கு அது வழியில் வரும் ஊர். எனக்கோ அது பிறந்த வீடு.

கோவை சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் சூலூர், பல்லடம் வரைக்கும் தறிச் சத்தமும் ஜனநெரிசலும்தான். பல்லடம் தாண்டி குண்டடம் நெருங்கும்போது பாருங்கள், பூமியே வேறு மாதிரி ஆகிவிடும். சிவந்த மண். முள்ளுக்கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள். அதற்குள் வெள்வேல மரத்தடியில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் காங்கேயம் மாடுகள். அவற்றின் தலைக்கு மேலே வரிசையாகச் சுழலும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊர்ப் பக்கம் ஆடி மாதத்தில் ஆளையே தள்ளும். அந்தக் காற்றுக்குக் கதவு டப்பென்று சாத்திக்கொள்ளாத வீடு தாராபுரத்தில் கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

அமராவதிக் கரையில் அகஸ்தீஸ்வரர் கோயில், ஊருக்கு வெளியே காடு அனுமந்தராயர் கோயில் என்று சொல்லிக்கொள்ளப் பழம்பெருமை நிறைய உண்டு. பாரதத்து விராடபுரம் இதுதான் என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். அம்மாவின் விலாசம் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது. கல்யாணமாகி வந்தபோது கோவை மாவட்டம். 1979ல் பெரியார் மாவட்டம், பிறகு அதற்கே ஈரோடு என்று பெயர். 2009லிருந்து திருப்பூர் மாவட்டம். "நான் ஒரே எடத்துலதான் ஒக்காந்திருக்கேன், மாவட்டந்தான் என்னயச் சுத்தி ஓடுது" என்பாள்.

அந்த ஒரே இடம், நடுவில் தொட்டியும் சுற்றிலும் ஆசாரமுமாக உள்ள பழைய தொட்டிக்கட்டு வீடு. பின்னால் பொடக்காணி, ஒரு சேந்துகிணறு, மூன்று தென்னை. அப்பா 1972ல் மாடியில் ஓர் அறையும் குளியலறையும் கட்டினார். இப்போது அதில் அம்மா ஒருத்திதான், 81 வயது. அண்ணன் பெங்களூரில், நான் கோவையில்.

2023 வைகாசியில் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்தாள். "அக்கா, பெரிம்மா பேச்சு ஒரு மாதிரி இருக்குதுங்க. என்னைய உங்க பேரு சொல்லிக் கூப்படறாங்க." அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வாதமோ என்று பயந்து போயிருந்த எங்களிடம், டாக்டரம்மா சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, "இது நீர்த்தாரையில் கிருமி" என்றார். வயோதிகர்களுக்குச் சில சமயம் நீர்க்கடுப்போ காய்ச்சலோ வருவதற்கு முன்னால் புத்தித் தடுமாற்றம் முதலில் வரலாமாம். இது எனக்கு அதுவரை தெரியாது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

மருந்து கொடுத்து நாலைந்து நாளில் தெளிந்துவிட்டாள். ஆனால் டாக்டரம்மா விடவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ரண்டு டம்ளர் இருக்குமுங்க. பொழுது போனா குடிக்கறதில்லீங்க."

"ஏன்?"

"கக்கூஸ் போவோணுமல்லோ..."

வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுச் சமாசாரமும் வெளியே வந்தது. கீழே உள்ள கழிப்பறையில் ஒரு வாளி ஊற்றினால் கால் வாளி இறங்கும், முக்கால் வாளி பீங்கானில் ஏறி நிற்கும். இரண்டு வருஷமாக இதுதான் கதையாம்! கம்பி விட்டுக் குத்தவும், ஆசிட் ஊற்றவும் ஆள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். பின்சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, காரை பொரிந்து உதிர்ந்திருந்தது. அந்த இடத்தை மறைத்து நெல் டிரம்மை நகர்த்தி வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு வந்த நானும் அந்த டிரம்மைத்தான் பார்த்தேன், சுவரைப் பார்க்கவில்லை!

"ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"சொன்னா, வித்துப்போட்டு பெங்களூருக்கு வான்னு சொல்லுவான் உங்கண்ணன்."

அண்ணன் அதைத்தான் சொன்னான். போனில் விஷயத்தைக் கேட்டதும், "அறுபது வருஷத்துப் பைப்பு. அதுக்குச் செலவு பண்றதுக்கு வீட்டையே வித்துடலாம்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 81 வயது அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு யாரால் நிம்மதியாகத் தூங்க முடியும்? ஆனால் அம்மாவுக்கு அந்த வீடு மட்டுமில்லை, அந்தக் குழாயே ஒரு பெரிய விஷயம். அது ஏன் என்பதை அன்று ராத்திரி தொட்டியோரம் உட்கார்ந்து கொண்டு, முதல் தடவையாக என்னிடம் சொன்னாள்.

1961ல் அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எடுப்புக் கக்கூஸ்தான். பின்சந்திலிருந்து ஓர் அம்மாள் தினமும் வாளியோடு வருவாராம். ஏறக்குறைய அம்மாவின் வயதுதான். வாயும் வயிறுமாக இருந்த நாட்களிலும் வந்தாராம். சந்தில் எதிர்ப்பட்டால் அந்த அம்மாள் ஒதுங்கி நிற்பார், அம்மா குனிந்துகொண்டு போவாள். "அவங்க மூஞ்சிய நிமுந்து பாக்கறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கும், அம்மிணி. நம்ம அழுக்க அவங்க சொமக்கறாங்களேன்னு." நான் பிறந்த மறு வருஷம், 1964ல், அப்பா செப்டிக் டேங்க் கட்டி, கோவையிலிருந்து லாரியில் வார்ப்பிரும்புக் குழாய் இறக்கினார். வீட்டுப் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை, 'வீட்டுக்குள்ளயே கக்கூஸா' என்று சண்டை. அப்பா கேட்கவில்லை. குழாய் போட்ட பிறகு அந்த அம்மாளை நகராட்சியில் தெருக்கூட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். அப்புறம் கடைவீதியில் பார்த்தால் இரண்டு பேரும் நின்று பேசுவார்களாம்.

எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் மனிதரை வைத்து அள்ளுவதையும் தடை செய்து நாட்டில் சட்டம் வந்தது 1993ல்தான். அப்பா அதற்கு 29 வருஷம் முந்திக்கொண்டார் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவரும் அதற்கு முன்னால் அத்தனை வருஷம் அதே வீட்டில்தானே இருந்தார் என்றும் தோன்றியது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"உங்கப்பா போட்ட கொழாய நான் எப்படி ஒடைக்கச் சொல்லுவேன்?" என்றாள் அம்மா.

ஆடிப் பதினெட்டுக்கு நான் மறுபடி போனேன். அலங்கியம் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பிளம்பர் தம்பி வந்தார். வந்ததும் சுத்தியலை எடுக்கவில்லை. "பெரிம்மா, துணிக்குப் போடற நீலம் இருக்குதுங்களா?" என்றார். ஒரு வாளித் தண்ணீரில் நீலத்தைக் கரைத்து மாடிக் கழிப்பறையில் ஊற்றச் சொன்னார். அவர் பொடக்காணியில் செப்டிக் டேங்கின் மூடியைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். நாங்களும் பார்த்தோம். டேங்கில் வந்து விழுந்தது ஒரு செம்பு நீலம் இருக்கும். மிச்சம்? கால் மணி நேரம் கழித்து நெல் டிரம்மை நகர்த்தினோம். சுவரடியில் மெல்லிசாக நீலக் கோடு! அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு காசு செலவில்லாத சோதனை இது. நீங்களும் செய்து பார்க்கலாம்.

பிறகு சின்னச் சுத்தியலால் குழாயைத் தட்டிக் காட்டினார். மாடியிலிருந்து இறங்கும் குழாயின் மேல் பாகம் கோயில் மணி மாதிரி கணீரென்றது. கீழே வரவர, அடுப்படியில் வெறும் டப்பாவைத் தட்டிய மாதிரி பொத்பொத்தென்று சத்தம். ஓர் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். கரும் பென்சில் தூள் மாதிரி உதிர்ந்தது. அதற்குக் காரணமும் இருக்கிறது. வார்ப்பிரும்பில் இரும்போடு கரித்துகளும் (பென்சிலில் இருக்கிறதே, அதே கிராஃபைட்) கலந்திருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்து இரும்பை மட்டும் மெதுவாகத் தின்றுவிடும், கரி அப்படியே நிற்கும். குழாயின் உருவம் மாறாது, வர்ணம் மாறாது, பலம் மட்டும் போய்விடும். உள்பக்கம் இன்னொரு சங்கடம். கழிவிலிருந்து எழும் வாயு குழாயின் ஈரச் சுவரில் பட்டு, கிருமிகளின் வேலையால் கந்தக அமிலமாக மாறி அரிக்கிறது.

அதற்காக வார்ப்பிரும்பை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸ் தேசத்தில் வெர்சேய் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளுக்காக 17ஆம் நூற்றாண்டில் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தன. அதில் ஓடியது நல்ல தண்ணீர், எங்கள் பொடக்காணியில் ஓடியது வேறு! அதிலும் எங்கள் ஊர் மண்ணும் ஆழ்குழாய்த் தண்ணீரும் உப்புச் சுபாவம். 59 வருஷம் தாங்கியதே பெரிசு என்றார் தம்பி.

"கெட்டுப்போன துண்டை மட்டும் வெட்டி எடுத்துட்டு, பிளாஸ்டிக்கை ஒட்டுப் போட்டா?" என்று கேட்டேன். எல்லாப் பெண்களும் கேட்கிற கேள்விதானே!

"போடலாமுங்க்கா. இன்னைக்கு இங்க ஒட்டுப்போட்டா, நாளைக்கு அதுக்கு அக்கட்டால ஒழுகும். சொவத்த ரண்டுக்கா ஒடைக்கோணும். தரைக்குள்ள போறதயாச்சும் முழுசா மாத்திப்போடுங்க."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் ஆற்றுக்குப் போய் விளக்கு விட்டுவிட்டு வந்தோம். திரும்பி நடந்து வரும்போது, "ஆடியில ஒடைக்கக்கூடாது. ஆவணி பொறந்ததும் வரச்சொல்லு" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. 'உங்கப்பா போட்ட கொழாய எப்படி ஒடைக்கறது' என்று கேட்டவளின் மனதை மாற்றியது அந்த நீலக் கோடு என்றுதான் நினைக்கிறேன்.

ஆவணியில் எட்டு நாள் வேலை. அந்த எட்டு நாளும் நான் அங்கேயே இருந்தேன். வேலைக்காரர்களுக்கு ஒரு நாள் அரிசிம்பருப்புச் சாதம், ஒரு நாள் கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் என்று அம்மா சமைத்துப் போட்டாள். கழிப்பறைக்குப் பக்கத்து வீடு. இதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும், பெண்கள் இருக்கும் வீட்டில் முதல் ஏற்பாடே இதுதான்!

பழைய குழாயைக் கழற்றுவது விளையாட்டு இல்லை. நாலு அங்குலக் குழாய், ஆறடி நீளத் துண்டு ஒன்று இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். அதனால் மேலேயிருந்து கீழேதான் கழற்றி வர வேண்டும். கீழே முதலில் வெட்டினால் மேலே இருப்பது மொத்தமும் தலையில் இறங்கிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் கயிறு கட்டி, சுவரில் பிடித்திருக்கும் காதுகளை உடைத்து, இரண்டு பேராக இறக்கினார்கள். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் அந்தக் காலத்தில் சணல் நூலைத் திணித்து, அதன்மேல் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, உளியால் தட்டி இறுக்கியிருப்பார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த வேலை அது. அந்த ஈய வளையம் இன்னும் வெள்ளியாகப் பளபளத்தது!

பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஈயம் விஷம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது எந்த அளவிலும் ஆகாது. எங்கள் பிளம்பர் அதைச் சூடு பண்ணி உருக்காமல், இணைப்புக்கு மேலும் கீழும் குழாயையே வெட்டி எடுத்துவிட்டார். வேலை நடந்த இடத்தைத் துடைப்பத்தால் கூட்டவிடவில்லை. ஈரத்துணியால்தான் துடைத்தோம். பக்கத்து வீட்டுப் பேரக்குழந்தை வேடிக்கை பார்க்க வந்ததை அம்மா முறுக்கு கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். மாடிக்கு மேலே காற்றுப் போக்கி மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் குழாய். அதை மெஷினில் அறுக்கவே கூடாது, தூள் நெஞ்சுக்குக் கெடுதி. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகவே கழற்றி இறக்கினார்.

தரையைத் தோண்டியபோதுதான் உண்மை வெளிவந்தது. கிடையாகப் போன குழாயின் அடிப்பக்கமே இல்லை! மேல் பாதி மட்டும் ஓடு கவிழ்த்த மாதிரி நின்றது. இணைப்பு வழியாகத் தென்னை வேர் நுழைந்து, உள்ளே சடை போட்டிருந்தது. அம்மா இரண்டு வருஷமாக ஆசிட் ஊற்றியது அந்தச் சடைக்குத்தான். அதாவது, ஊற்றிய ஆசிட்டும் மண்ணுக்குத்தான் போயிருக்கிறது. எத்தனை நாளாகக் கழிவு நீர் மண்ணில் இறங்கியதோ, யாருக்குத் தெரியும்?

அந்த நிமிஷம் நான் திரும்பிக் கிணற்றைப் பார்த்தேன். இருபதடிகூட இராது. குடிக்க நகராட்சித் தண்ணீர்தான் என்றாலும், பாத்திரம் கழுவ, வாய் கொப்பளிக்க, கீரை அலச எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன, கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தோம். குடிநீரில் 100 மில்லியில் ஒரு கோலிஃபார்ம் கிருமிகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. எங்கள் கிணற்றில் இருந்தது. கடினத்தன்மையும் எக்கச்சக்கம். அன்றிலிருந்து அந்தக் கிணறு தென்னைக்கு மட்டும் என்று கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டாள் அம்மா. மண் ஆறி, பிளீச்சிங் பவுடர் போட்டு இறைத்து, இரண்டு முறை நல்ல முடிவு வந்த பிறகுதான் மறுபடி வாளி இறங்கியது.

கையோடு, தண்ணீர் வரும் ஜி.ஐ. குழாய்களையும் மாற்றிவிட்டோம். முக்கால் அங்குலக் குழாயை வெட்டிக் காட்டினார், உள்ளே துருவும் உப்பும் அடைத்து ஒரு பென்சில் நுழையும் துவாரம்தான் மிச்சம். காலையில் முதல் வாளி சிவப்பாக வருவதும், மாடியில் தண்ணீர் ஏறாததும் எதனாலென்று அப்போதுதான் புரிந்தது.

புதுக் குழாய் வாங்கப் போகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கழிவுக்கு வரும் பி.வி.சி. குழாயில் 'ஏ', 'பி' என்று இரண்டு ரகம் உண்டு. 'ஏ' மெல்லிசு, மழைத்தண்ணீருக்கும் காற்றுப் போக்கிக்கும்தான். கழிப்பறைக்கு 'பி' ரகம்தான் போட வேண்டும். குழாயின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 13592 என்ற எண்ணும் ரகமும் அச்சடித்திருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள்! வார்ப்பிரும்பு இப்போதும் கிடைக்கிறது. அதன் கனத்துக்கும் விலைக்கும் எங்கள் சுவரும் கைப்பணமும் தாங்காது என்று விட்டுவிட்டோம்.

போடும் விதம் இன்னும் முக்கியம். நாற்பதடி தூரத்துக்கு ஓரடி சாய்வு என்று தம்பி கணக்குச் சொன்னார். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, மணல் பரப்பி அதன்மேல் கிடத்தினார். மாடியிலிருந்து இறங்கி வரும் குழாய் தரையில் திரும்பும் இடத்தில், ஒரே முழங்கையாக மடக்காமல் இரண்டு அரை வளைவுகளாகத் திருப்பினார். அடைப்பு வந்தால் திறந்து பார்க்க, மூடி வைத்த வளைவு ஒன்று வெளியே கை எட்டும் இடத்தில். இந்த மூடியைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறார்கள் சில இடங்களில், அப்புறம் எதற்கு அது? தென்னை வேருக்குப் பயந்து தடத்தையும் இரண்டடி தள்ளிப் போட்டார். எல்லாம் முடிந்து, மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால், கடைசி வாயை அடைத்துக் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி ராத்திரி பூராவும் விட்டார். காலையில் அம்மாதான் முதலில் எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

செப்டிக் டேங்கையும் அப்போதே சுத்தம் செய்தோம். லாரியில் உறிஞ்சிக் குழாயோடு வந்தார்கள். "அடியில கொஞ்சம் கெட்டியா இருக்குது, எறங்கி வளிச்சுடட்டுங்களா?" என்று லாரியோடு வந்த பையன் கேட்டான். இருபது வயசுகூட ஆகியிருக்காது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கத்தினாள்: "எறங்காதே! இருந்துட்டுப் போவுது, சாமி. அதுக்குள்ள ஒருத்தரும் எறங்கப்படாது." டேங்கில் தேங்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளை மயக்கிவிடும். காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்துக் கொண்டுபோகும். 2013ஆம் வருஷச் சட்டம் அப்படி ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. தண்ணீர் பீய்ச்சிக் கலக்கிவிட்டு லாரியே உறிஞ்சிக்கொண்டது.

புதுக் குழாயில் அம்மாவுக்கு ஒரு குறை. மாடியில் யாராவது தண்ணீர் ஊற்றினால் ஆசாரம் வரை சலசலவென்று கேட்கிறது! வார்ப்பிரும்பின் கனத்தில் ஒரு சத்தமும் வெளியே வராதாம். "உங்கப்பா போட்டதுல யாரு போனாங்க வந்தாங்கன்னே தெரியாது" என்று வருகிற ஒறம்பரைகளிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாஸ்தவம்தான், பிளாஸ்டிக்குக்கு அந்த மரியாதை கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் புதிசாகப் போட்டு ஒரு மாதம் கழித்து, "மாடியில மறுபடி நாத்தம் வருது" என்று அம்மா போன் செய்தாள். பகீரென்றது. பிளம்பர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். குளியலறைத் தரையில் உள்ள நானி ட்ராப்பில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்கும் கரப்பான் பூச்சிக்கும் கதவு. யாரும் குளிக்காத குளியலறையில் அது காய்ந்து போய்விடும், அதுவும் எங்கள் ஊர்க் காற்றில்! வாரம் ஒரு நாள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. இப்போது வெள்ளிக்கிழமை வாசல் தெளிக்கும்போது மாடிக்கும் ஒரு சொம்பு போகிறது, பக்கத்து வீட்டுப் பெண் கையில்.

பழைய இரும்பு மொத்தத்தையும் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டார், ஈயத்துக்குத் தனி விலை. "இது எங்கீங்க போகும்?" என்று அம்மா கேட்டாள். "கோயமுத்தூர் பவுண்டரிக்குத்தாங்க. ஒடைச்சு உருக்கி மோட்டார் பம்புக்கு ஊத்துவாங்க." அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. லாரியில் வந்தது லாரியிலேயே போகட்டும் என்றாள். ஆனால் மணி மாதிரி ஒலித்த மேல் துண்டிலிருந்து, ஈயம் படாத நல்ல பாகமாக ஓரடி மட்டும் அறுத்து வாங்கி வைத்துக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாள்.

அண்ணன் தீபாவளிக்கு வந்தான். டிரம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தான். கழிப்பறையில் அம்மா எழுந்து உட்காரச் சுவரில் பதித்த கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். விற்பதைப் பற்றி அந்தத் தடவை எதுவும் பேசவில்லை. அடுத்த தடவை பேசுவானோ என்னவோ. அம்மா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்ததை நான் மட்டும் கவனித்தேன்.

2024 தைப்பூசத்துக்கு முந்தின நாட்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போவார்கள். பச்சை, மஞ்சள் சேலைகளும் காவடிகளும் அரோகராச் சத்தமுமாக ராப்பகல் ஓயாது. என் சிறு வயதிலிருந்தே எங்கள் வீட்டு முன்னால் தண்ணீர்ப் பானை இருக்கும். அது எல்லோர் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் கூடுதலாக ஒன்று, நடந்து வரும் பெண்களுக்கு அம்மா பொடக்காணிக் கதவைத் திறந்துவிடுவாள். ஆண்கள் வேலியோரம் ஒதுங்கிவிடுவார்கள், பெண்கள் எங்கே போவது? தண்ணீர் குடிக்காமலே நாற்பது, ஐம்பது மைல் நடந்து வருகிறவர்களை அம்மா பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷமாக அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

விடிகாலை நாலு மணி இருக்கும். வெளியே பேச்சுக் குரல். நான் எழுந்து போவதற்குள் அம்மா போய்விட்டிருந்தாள். ஐந்தாறு பெண்கள், ஒரு வயசுப் பெண், கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லோருக்கும் முன்னால் நின்ற நடுவயது அம்மாள் தயங்கித் தயங்கி, "ஏனுங்க, பொம்பளைங்களுக்கு ஒதுங்க எடம்..." என்றார்.

காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது. அம்மா சுவரோரம் இருந்த இரும்புத் துண்டை, அப்பா போட்ட குழாயின் அந்த ஓரடியை, காலால் நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"வாங்க, கண்ணு. உள்ளார லைட்டு இருக்குது. தண்ணி எவ்வளவு வேணாலும் ஊத்துங்க" என்றாள்.